வேண்டா மடலும் சட்டத்தின் காவலும்

தபால் கடிதம் எழுதுவோர் ஒவ்வொரு கடிதத்திற்கும் தலை ஒட்டியாக வேண்டும். மின்னஞ்சலுக்கோ அச்செலவு இல்லை. இலட்சம் பேருக்கு அனுப்பி ஒருவர் ஏமாந்தாலும் வஞ்சகனுக்கு ஆதாயமே. இத்தீமையின் வேர் இதுவே.

இன்று ஊராட்சிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மின்னஞ்சல் முகவரி வைத்துள்ளன. “தங்கள் குழுவுக்கு மானியம் ஒப்பளிக்கப்பட்டுள்ளது, பதிவுக் கட்டணம் செலுத்துக” என்றொரு பொய் மடலை நம்பினால், பல்லாண்டுச் சேமிப்பு ஒரு நாளில் கரைந்துவிடும். ஆகவே, சட்டம் தரும் காவலையும் அதன் எல்லையையும் நாம் அறிதல் அவசியம்.

அமெரிக்க நாடு 2003-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. வர்த்தக மடலின் தலைப்பு ஏமாற்றுவதாக இருத்தலாகாது. அனுப்புவோரின் அஞ்சல் முகவரி காணப்படல் வேண்டும். ‘இனி வேண்டாம்’ என்பாருக்கு 10 வேலை நாட்களுக்குள் மடலை நிறுத்த வேண்டும் என்பன அதன் விதிகள்.

நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66-ஏ பிரிவு, தொல்லை தரும் மடலையும் அனுப்பிய இடத்தை மறைக்கும் மடலையும் குற்றமாக்கியது. ஆயினும் அதன் சொற்கள் தெளிவற்றவை, பேச்சுரிமைக்கு முரணானவை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் ரத்து செய்தது. தொலைபேசி விளம்பரங்களை 1909 என்ற எண்ணில் பதிந்து தடுக்கலாம். மின்னஞ்சலுக்கு அவ்வசதி இல்லை.

எனவே கேளாமல் மடல் அனுப்புவது மட்டும் குற்றமாகாது, வஞ்சனையே குற்றம். பிறர்போல் நடித்துக் கணிப்பொறி வழியே ஏமாற்றுவோருக்கு 66-டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு 66-சி பிரிவின்படி அதே தண்டனை உண்டு.

ஆனால் தண்டனை குற்றத்தின் பின்னரே வருவது. முன்காவல் நம் கையில் உள்ளது. குழுவினர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. மடலில் காணும் பெயரை நம்பாது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தை நேரில் விசாரித்தறிக.
2. கடவுச்சொல்லையும் வங்கி இரகசிய எண்ணையும் எவருக்கும் தெரிவியாதீர்.
3. பணம் இழந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க. தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.
4. மடலை அழியாதீர்; அதுவே சாட்சி.

ஏமாந்தவர் வெட்கி மௌனம் காப்பதே வஞ்சகனுக்குப் பெருந்துணை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துரைப்பீர்களாக.