நாடித் துடிப்பில் ஓர் எதிர் விகிதம்

பத்தாம் வகுப்பில் இதயச் சுழற்சி பாடம் முடிந்த மறுநாள் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கும்? "72 முதல் 75 டீச்சர்." ஒரு சுழற்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "0.8 வினாடி." வகுப்பே ஒரே குரலில் சொன்னது. "இந்த இரண்டு எண்களுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டதும் அமைதி. இரண்டையும் தனித்தனி வினா விடையாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள். அன்றைய பாடவேளையை இந்தத் தொடர்புக்கே ஒதுக்கினேன்.

செயல்பாடு

மாணவர்கள் இருவர் இருவராக அமரட்டும். ஐந்து நிமிடம் ஓய்வாக இருந்த பின், ஒருவர் மற்றவரின் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து நாடியை உணர வேண்டும். கட்டைவிரலால் தொடக்கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். நிறுத்துக் கடிகாரம் இல்லையென்றால் ஆசிரியரின் கைப்பேசி போதும்.

முதலில் அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரத்தை மட்டும் அளக்கச் சொன்னேன். ஒரே கையில் ஒருமுறை 0.7, மறுமுறை 0.9 வந்தது. 60 வினாடியை இந்த இடைவெளியால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். 60 ÷ 0.7 = 86; 60 ÷ 0.9 = 67. விரல் 0.1 வினாடி முந்தினாலோ பிந்தினாலோ விடை இவ்வளவு மாறுகிறது.

அடுத்து, பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தோம். 8.0 வினாடி என்றால் ஓர் இடைவெளி 0.8 வினாடி, 60 ÷ 0.8 = 75. இப்போது அதே 0.1 வினாடிப் பிழை ஏற்பட்டாலும் விடை 74 அல்லது 76தான். பல இடைவெளிகளைச் சேர்த்து அளப்பது ஏன் என்பது மாணவர்களுக்குத் தானே விளங்கியது.

எல்லோரும் செய்யும் பிழை

ஓர் இணைக்கு மட்டும் 83 வந்தது. கடிகாரத்தை அழுத்திய துடிப்பை அவர்கள் "ஒன்று" என எண்ணியிருந்தார்கள். பத்து வரை எண்ணினால் துடிப்புகள் பத்து; இடைவெளிகளோ ஒன்பதுதான். நேரம் 7.2 வினாடி; அதைப் பத்து இடைவெளிக்கானது என்று கொண்டதால் 600 ÷ 7.2 = 83 ஆகிவிட்டது. பத்து மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து, நடுவில் உள்ள இடைவெளிகளை எண்ணச் சொன்னேன். பிறகு யாரும் தவறவில்லை. தொடக்கத் துடிப்பைச் "சுழியம்" என்று எண்ணுவதே வழி.

கணக்குப் பாடத்துடன் இணைப்பு

இடைவெளி (வினாடி) – நிமிடத் துடிப்பு
1.2 – 50
1.0 – 60
0.8 – 75
0.6 – 100
0.4 – 150

ஒவ்வொரு படியிலும் இடைவெளி 0.2 குறைகிறது. துடிப்போ 10, 15, 25, 50 எனக் கூடுகிறது. வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு வராது, வளைகோடு வரும். எதிர் விகிதத்திற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மேலும் ஒரு கேள்வி: இரண்டு இடைவெளிகள் 0.6, 1.0 என்றால் சராசரித் துடிப்பு என்ன? பெரும்பாலோர் 100ஐயும் 60ஐயும் கூட்டி, பாதியாக்கி 80 என்பார்கள். ஆனால் 1.6 வினாடியில் இரண்டு சுழற்சிகள் முடிகின்றன. எனவே 120 ÷ 1.6 = 75. முதலில் இடைவெளிகளின் சராசரியைக் கண்டு, பிறகு வகுக்க வேண்டும்.

மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. தாளிலும் இதே கணக்குதான். தாள் வழக்கமாக வினாடிக்கு 25 மி.மீ. நகர்கிறது, ஒரு பெரிய கட்டம் 5 மி.மீ., அதாவது 0.2 வினாடி. அடுத்தடுத்த இரண்டு உயர்ந்த முகடுகளுக்கு இடையே நான்கு பெரிய கட்டங்கள் இருந்தால் 0.8 வினாடி, துடிப்பு 75.

கவனத்திற்கு

மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தணிவதும் வளரிளம் பருவத்தினரிடம் இயல்பு. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பான அளவு. மாணவர்களின் எண்களைக் கரும்பலகையில் பெயருடன் எழுதி ஒப்பிட வேண்டாம்; இது அளத்தல் பயிற்சி, நோய் கண்டறிதல் அல்ல. மயக்கமோ நெஞ்சு வலியோ இருப்பதாக மாணவர் சொன்னால் பெற்றோரிடம் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புவோம்.

பாடவேளை முடிவில் முதல் கேள்வியையே திரும்பக் கேட்டேன். "72க்கு 0.8 வராது டீச்சர், 0.83 வரும்" என்றாள் ஒரு மாணவி. மனப்பாடம் செய்த எண்ணை அவளே வகுத்துச் சரிபார்த்திருந்தாள்.