நாளும் எழுதுவோம்



எழுதுவது எழுத்தாளர்க்கு மட்டுமே உரிய தொழில் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். தேர்வு வந்தால் எழுதுகிறோம். பேராசிரியர் கேட்டால் எழுதுகிறோம். மற்ற நாட்களில் எழுதுகோலைத் தொட நமக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை என்று இருந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு இருந்தவனே. ஒரு குடுவையும், என் ஆச்சியின் தகரப் பெட்டியும் அந்த எண்ணத்தை மாற்றின.

நான் தில்லியில் வேதியியல் முதுநிலை பயில்பவன். சென்ற ஆண்டு சனவரியில் ஒருநாள் மாலை, ஆய்வுக்காகச் செய்த கரைசலைக் குடுவையில் விட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் குடுவையின் அடியில் ஊசி ஊசியாய்ப் படிகங்கள்! மகிழ்ச்சியோடு வடித்தெடுத்தேன். ஆய்வுக் குறிப்பேட்டில் ‘படிகம் கிடைத்தது’ என்று இரண்டே சொற்கள் எழுதி வைத்தேன்.

ஏப்ரலில் அதே பொருளை மீண்டும் செய்ய வேண்டி வந்தது. அதே கரைப்பான், அதே அளவு, அதே கை. ஆனால் படிகம் வரவில்லை. பனிக்கட்டியில் அமிழ்த்தியும் பார்த்தேன். எண்ணெய் போன்ற பிசுக்கே அடியில் நின்றது. ஏழு முறை முயன்றேன். “முதலில் கிடைத்தது உண்மையில் அந்தப் பொருள்தானா?” என்று என் வழிகாட்டி கேட்டார். எனக்கு விடை கூறத் தெரியவில்லை. என் சொல்லின் மேல் எனக்கே ஐயம் பிறந்துவிட்டது.

மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றேன். ஆச்சிக்குக் கைப்பேசியில் பேசுவதில் நிறைவு கிடையாது. “பேச்சு காத்தோட போயிரும்; ரெண்டு வரி எழுதிப் போடு ராசா” என்பார். அவருக்காகவே ஞாயிறுதோறும் ஒரு கடிதம் எழுதி வந்தேன். அவற்றையெல்லாம் அவர் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து நீட்டி, “குளிர்ல கெடந்து என்ன பாடு பட்டிருக்கே, நீயே வாசிச்சுப் பாரு” என்றார். அது சனவரிக் கடிதம். ஆய்வுக்கூடத்துச் சன்னல் சரியாக மூடவில்லை, இரவெல்லாம் குளிர்காற்று உள்ளே வந்தது, காலையில் சன்னலோரத்துக் குடுவையைத் தொட்டதும் விரல் விறைத்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தேன்!

உண்மை விளங்கிற்று. அன்று கரைசல் இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குளிர்ந்திருக்கிறது. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளக் காலம் வேண்டும். பனிக்கட்டியில் திடீரென அமிழ்த்தியபோது அந்தக் காலத்தை நான் கொடுக்கவில்லை. தில்லிக்குத் திரும்பியதும், கரைசலை முதலில் அறையில் ஆறவிட்டு, துணியால் சுற்றிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தேன். மறுநாள் அதே ஊசிப் படிகங்கள் வந்தன. ஆய்வேட்டில் எழுதாமல் விட்டதை ஆச்சிக்கு எழுதியிருந்ததால் என் உழைப்பு பிழைத்தது. அன்று முதல் நாள்தோறும் எழுதி வருகிறேன். அதனால் கண்ட பயன்கள் சிலவற்றை இங்கே கூறுகிறேன்.

முதலாவது, எழுத்து மறதியை வெல்கிறது. நமக்குப் பிடித்ததை நினைவு வைத்துக்கொள்ளும் மனம், பிடிக்காததை எளிதில் உதறிவிடும். இதை நன்கு அறிந்தவர் சார்லஸ் டார்வின். தம் கொள்கைக்கு மாறான செய்தி எது கண்ணிற் பட்டாலும் அதை உடனே குறித்துவிடுவதைத் தாம் ஒரு விதியாகவே கொண்டிருந்ததாக அவர் தம் வரலாற்றில் கூறுகிறார். சாதகமான செய்திகளைக் காட்டிலும் பாதகமானவை விரைவில் மறந்துபோகும் என்பது அவர் பட்டறிவு.

இரண்டாவது, நாம் அறியாததை எழுத்து நமக்கே காட்டிக்கொடுக்கிறது. படிக்கும்போது தெளிவாகத் தோன்றிய பாடத்தை, நூலை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். மூன்றாம் வரியில் கை நின்றுவிடும். கை நின்ற இடமே நாம் மீண்டும் படிக்க வேண்டிய இடம். தேர்வு மண்டபத்தில் நிற்பதைவிட விடுதி அறையில் நிற்பது நல்லதன்றோ?

மூன்றாவது, தோல்வியும் எழுதி வைத்தால் விதையாகும். மைக்கேல் பாரடே பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். தம் நினைவாற்றல் குறைபாட்டை எண்ணி வருந்திய அவர், ஆய்வுகளை நாட்குறிப்பில் எண்ணிட்டு எழுதினார். அவ்வெண் 16,041 வரை சென்றது. வெற்றியோடு தோல்வியையும் அதில் எழுதினார். காந்தப்புலம் ஒளியின் நிறமாலையை மாற்றுமா என்று 1862-இல் அவர் செய்த சோதனையில் எந்த மாற்றமும் தென்படவில்லை. அம்முயற்சியைப் பற்றி மாக்சுவெல் எழுதியிருந்ததைப் பின்னாளில் படித்து ஊக்கம் பெற்ற சீமன், மேலும் நுட்பமான கருவிகொண்டு 1896-இல் அந்த மாற்றத்தைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நான்காவது, எழுத்து மனச்சுமையைக் குறைக்கக் கூடும். அமெரிக்க உளவியலறிஞர்களான பென்னிபேக்கரும் பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடமாக 4 நாட்கள் எழுதினர். தம் வாழ்வின் துயரத்தையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் எழுதியவர்களுக்கு அப்பொழுது மனம் கனத்தது. ஆயினும், சாதாரணச் செய்திகளை எழுதியவர்களைவிட அவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைவு. பிற்கால ஆய்வுகளில் இப்பயன் சிறிதாகவே காணப்பட்டது. ஆகவே இதனைச் சர்வரோக நிவாரணி என்று சொல்லமாட்டேன். ஊரைவிட்டு வெகுதூரம் வந்து, இரவில் தூக்கமின்றிப் புரளும் மாணவனுக்கு ஒரு துணை என்று மட்டும் சொல்வேன்.

ஐந்தாவது பயன் நம் போன்றவர்க்கே உரியது. இங்கே வகுப்பில் ஆங்கிலம், கடையில் இந்தி. தமிழ் நண்பர்களோடு அரட்டை அடிக்க மட்டும் பயன்பட்டால், நம் தமிழ் நூறு இருநூறு சொற்களுக்குள் சுருங்கிப்போகும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை பல மொழிகளுக்கு நடுவே நாளெல்லாம் பணிபுரிந்தவர். எனினும் 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே அமைந்தது. கப்பல் வந்ததும், வாணிகமும், ஊர்ப் பேச்சும் அதில் இடம்பெற்றன. அன்று தமக்காக எழுதிய குறிப்பு, இன்று வரலாற்றாசிரியர்க்குக் கருவூலம் ஆயிற்று.

எப்படித் தொடங்குவது? நான் கையாளும் முறை எளியது. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். படுக்கைக்கு முன் பதினைந்து நிமிடம். முதலில் தேதி. அடுத்து மூன்று கேள்விகள்: இன்று என்ன செய்தேன்? என்ன கண்டேன்? எது விளங்கவில்லை? அழகாக எழுத வேண்டும் என்ற கவலை வேண்டா. அற்பம் என்று எதையும் தள்ளவும் வேண்டா. மூடாத சன்னலை அற்பம் என்று நினைத்துத்தானே நான் மூன்று மாதம் இடர்ப்பட்டேன்! ஒருநாள் தவறினால் மனம் தளராமல் மறுநாள் தொடருங்கள்.

தோழர்களே, எழுதுவதற்குப் பெரிய செய்தி வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்றிரவே தொடங்குங்கள். யாருக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால், ஊரில் உங்கள் ஆச்சிக்கோ தாத்தாவுக்கோ இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். என்றேனும் ஒருநாள் அது உங்களுக்கே வேண்டியதாக இருக்கும்.