பெர்சியன் பூனை வளர்க்கிறீர்களா?
பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கம் தட்டை மூக்குள்ள பெர்சியன் பூனைக்கு ஆகவே ஆகாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தால், மின்விசிறிக்குக் கீழே கிடத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். கண்ணோரம் பழுப்பாகக் காய்ந்திருக்கும் நீரை, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

இவற்றைவிட முக்கியம் சிறுநீரகம். அதில் நீர்க்கட்டிகள் வருவது இந்த இனத்தின் பரம்பரை நோய். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டி பிறவியிலேயே இருந்தாலும், அறிகுறி தெரியப் பல வருடங்கள் ஆகலாம். அதனால் 10 மாதம் முடிந்ததும் வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட்டை ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். நோய் இருந்தால் குட்டி போட விடாதீர்கள், கருத்தடை செய்துவிடுங்கள்.