உடலுக்குள் ஓடும் கடிகாரம்: கடைக்காரர்கள் அறிய வேண்டிய ஆரோக்கியப் பாடம்

வியாபாரத்தில் நேரம் தவறினால் நட்டம் வரும் என்பதை நம் வணிகச் சகோதரர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வரும் நேரம், கடை திறக்கும் நேரம், கல்லாக் கணக்கு முடிக்கும் நேரம் யாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்தே செய்கிறோம். ஆனால் நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நாள்தோறும் சரிசெய்து வைப்பது சூரிய வெளிச்சமே. விடியுமுன் கடைக்குள் நுழைந்து, இரவு வெகு நேரம் கழித்து வெளியே வருபவருக்கு அந்த வெளிச்சம் கிட்டுவதில்லை. அதனால் விளையும் கேடுகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே காண்போம்.

முதலில், இப்படியொரு கடிகாரம் உண்டென்று எவ்வாறு அறிந்தார்கள்? 1729ஆம் ஆண்டில் டி மெய்ரான் என்ற பிரெஞ்சு வானநூல் அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் இலை கூம்பும் செடியொன்றை இருட்டான இடத்தில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் இலைகள் உரிய வேளையில் விரிந்தன; உரிய வேளையில் கூம்பின. நேரம் அறியும் சக்தி செடிக்குள்ளேயே இருப்பது இதனால் தெரியவந்தது.

மனிதரைப் பற்றிய சோதனைகளில் பெயர்பெற்றது 1962ஆம் ஆண்டில் நடந்ததாகும். மிஷேல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், நிலத்தடிக் குகையொன்றில், கடிகாரமின்றிச் சுமார் இரண்டு மாதங்கள் தனியே தங்கினார். செப்டம்பர் 14ஆம் தேதி, சோதனை முடிந்துவிட்டது என்று மேலிருந்து அறிவித்தபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான்! மனக்கணக்கில் 25 நாட்கள் தவறிப்போயின. ஆயினும் அவர் உறங்கியதும் விழித்ததும் ஏறக்குறைய இருபத்து நாலரை மணிக்கு ஒரு சுற்றாகவே நடந்து வந்தன. மனம் மறந்ததை உடல் மறக்கவில்லை.

இக்கடிகாரம் இருக்குமிடம் மூளையின் அடிப்பகுதி. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் திரண்ட ஒரு சிறு முடிச்சு உள்ளது. உறக்கம், பசி, உடற்சூடு, சுரப்பிகளின் வேலை ஆகியவற்றுக்கெல்லாம் நேரம் குறிப்பது அதுவே. அணுக்களுக்குள் இக்கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களை ஆராய்ந்து கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தில் ஒரு சிறு குறை உண்டு. பெரும்பாலோருக்கு அது சற்று மெதுவாக ஓடுகிறது. சராசரியாகப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 24 மணி 10 நிமிடம் ஆகிறது. கடையின் சுவர்க் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பின்தங்குமானால் நாம் என்ன செய்வோம்? தினமும் முள்ளைத் திருப்பி வைப்போம். உடற்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். காலையில் கண்ணில் படும் வெளிச்சம் அதை முன்னே தள்ளுகிறது. இரவில் படும் வெளிச்சமோ பின்னே இழுக்கிறது. இருள் சூழ்ந்ததும் மூளையில் 'மெலடோனின்' என்ற சுரப்பு ஊறி, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும். இரவில் விளக்கொளியும் கைப்பேசியின் ஒளியும் இந்தச் சுரப்பைத் தாமதப்படுத்துகின்றன.

'கடையிலும் விளக்கு எரிகிறதே, அந்த வெளிச்சம் போதாதா?' என்று கேட்கலாம். வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அளவால் அளப்பர். நல்ல விளக்குப் போட்ட கடைக்குள் இருப்பது 300 முதல் 500 லக்ஸ் வரை. மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தையும் எட்டும். நம் கண் இடத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. உடற்கடிகாரத்துக்கோ அது நன்றாகத் தெரியும்.

நம் நாட்டு வழக்கம் ஒன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி முதல் தேதியன்று சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஆதலால் இங்கே சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய ஏழு. உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய ஒன்று. லுஹர் வக்து ஒரு மணியை ஒட்டி வருவதும் இதனால்தான். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பவர் இருட்டிலேயே வீட்டை விட்டுப் புறப்படுகிறார். அவர் உள்ளே போன பிறகே பொழுது விடிகிறது. இரவு பதினொரு மணிக்குக் கடை அடைக்கும்வரை விளக்கொளியில் நிற்கிறார். பகலில் வெளிச்சக் குறைவு, இரவில் வெளிச்ச மிகுதி! கடிகாரம் பின்தங்கிப் போகிறது. படுத்தால் உறக்கம் வருவதில்லை. எழுந்தால் அசதி தீர்வதில்லை.

இரவு முழுதும் சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் நிற்பவர் நிலை இன்னும் கடினம். இரவு நேரத்தில் உடல் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருக்கும். பகலில் உண்ணும் அதே பரோட்டாவும் இனிப்புத் தேநீரும் நள்ளிரவில் இரத்தச் சர்க்கரையை அதிகமாக உயர்த்தும். பல்லாண்டு இரவு வேலை செய்வோரிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007ஆம் ஆண்டில் அதைச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது.

இதற்காகக் கடையை மூடிவிட முடியுமா? முடியாது. ஆனால் கீழ்க்கண்டவற்றைச் செய்வது கைக்கு எட்டாததன்று.

1. விடிந்தபின் அரை மணி நேரமாவது திறந்த வெளியில் இருங்கள். நடந்தாலும் சரி, அஞ்சடியின் ஓரத்தில் வானம் தெரிய நின்று பத்திரிகை படித்தாலும் சரி. சூரியனை நேரே பார்க்க வேண்டாம்.

2. இரவு உணவைக் கடை அடைத்த பிறகு என்று தள்ளிப் போடாமல், இயன்றவரை முன்னேரத்தில் உண்ணுங்கள்.

3. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் கணக்குப் பார்ப்பதை மறுநாளைக்கு வையுங்கள்.

4. விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுந்து பழகுங்கள்.

5. இரவு வேலை பார்ப்பவர் காலையில் உறங்கும் அறையைத் தடித்த திரையிட்டு இருட்டாக்குங்கள்.

6. நீரிழிவு உள்ளவர் இரவு வேலைக்கு மாறினால், மருந்து உண்ணும் வேளையை வைத்தியரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். உறக்கத்துக்கென்று மாத்திரை எதையும் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

முதலாளிமார்க்குத் தனியே ஒரு வேண்டுகோள். வேலை முறையை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள். உடற்கடிகாரம் பின்னே நகர எளிதில் இணங்கும். முன்னே நகர மறுக்கும். இரவு வேலை முடித்த சிப்பந்தியை மறுநாள் பகலிலேயே மீண்டும் அழைக்காதீர்கள். உறக்கம் கெட்டவன் எண்ணெய்ச் சட்டியருகே நிற்பதும், விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்வதும் ஆபத்தானவை. ஊரைவிட்டு வந்து நம்மை நம்பி உழைக்கும் பிள்ளைகள் அவர்கள். கடைக்குப் போட்ட பணம் மட்டும் முதலன்று. அதில் உழைப்பவரின் ஆரோக்கியமும் முதலே. அம்முதலைக் காக்கத் தொடங்கும் இடம், நாளைக் காலை கடை வாசலில் விழும் வெளிச்சம்.