பாடம்: காருக்கு ஏற்ற சக்கரம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, பழைய ஆல்டோ 800 கார் ஒன்றை வாங்கியிருக்கிறது எனக் கொள்வோம். வண்டி நன்றாக ஓடுகிறது. டயர்கள் மட்டும் தேய்ந்துவிட்டன. புதியவை வாங்க எல்லோரும் ஜே.சி. சாலைக்குச் செல்கின்றனர். மைசூர் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய அச்சாலையில் கார் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. பளபளக்கும் பெரிய சக்கரங்களைக் கண்டதும் பிள்ளைகள், “அப்பா, இதை வாங்குவோம்!” என்கின்றனர். அவர்கள் ஆசைப்படுவதில் தவறில்லை. எனினும் அச்சக்கரம் வண்டிக்குப் பொருந்துமா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய இயலாது. கணக்கிட்டே அறிய வேண்டும்.

கணக்குக்கு வேண்டிய எண்கள் டயரின் பக்கச் சுவரிலேயே உள்ளன. ஆல்டோ 800இன் டயரில் ‘145/80 ஆர் 12’ எனக் காணலாம். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு, அதாவது 116 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். இவ்வகை டயரின் உள்ளிழைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி ஆரம் போல அமைந்திருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்காலும், கணக்குப் பாடத்தில் வட்டத்துக்குச் சொல்லும் ஆரமும் உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? இறுதி எண்ணாகிய 12, ரிம்மின் விட்டத்தை அங்குலத்தில் கூறுகிறது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே ரிம் 304.8 மில்லிமீட்டர். அதனுடன் மேலும் கீழும் உள்ள இரு பக்கச் சுவர்களையும் கூட்டினால், சக்கரத்தின் முழு விட்டம் 536.8 மில்லிமீட்டர் ஆகிறது.

இனி, கடைக்காரர் 13 அங்குல ரிம்மை எடுத்துக் காட்டுகிறார் என்போம். அதில் 155/65 டயரைப் பொருத்தினால் முழு விட்டம் 531.7 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே. 2010இல் வெளிவந்த ஆல்டோ கே10 காருக்கு இந்த அளவே பொருத்தப்பட்டது. அதே ரிம்மில் 155/80 டயரைப் பொருத்தினால் விட்டம் 578.2 ஆகிவிடும். சக்கரம் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 7.7 விழுக்காடு கூடும். வேகமானி சக்கரத்தின் சுற்றுகளையே எண்ணுகிறது; சக்கரம் மாறியதை அது அறியாது. அது 60 எனக் காட்டும்போது வண்டியின் உண்மையான வேகம் 64க்கும் மேல் இருக்கும். மேலும், திருப்பத்தில் பெரிய டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசவும் கூடும்.

அளவை அடுத்து வரும் எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. அது டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 74 என்றால் 375 கிலோ. 73 என்றால் 365 கிலோ. நான்கு டயர்களுக்கும் சேர்த்து 40 கிலோ வேறுபடும். பொங்கலுக்கு ஐவர் அமர்ந்து, பின்புறம் மூட்டைகளை அடுக்கி, ஓசூர் வழியாகச் சொந்த ஊர் செல்லும் குடும்பம் இதனைப் பார்த்தே வாங்க வேண்டும். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணும் டயரில் உண்டு: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

எஃகுச் சக்கரமா, அலாய் சக்கரமா என்பது அடுத்த கேள்வி. பள்ளத்தில் மோதினால் எஃகு வளையும். பெரும்பாலும் தட்டிச் சீர்செய்துவிடலாம். அலாய் அழகானது, ஆனால் பலமாக மோதினால் விரிசல் விடக்கூடும். பக்கச் சுவர் குறைந்த டயரில் அதிர்ச்சியைத் தாங்கும் காற்றுமெத்தையும் குறைவு. மழைக்காலப் பள்ளங்களையும் வேகத்தடைகளையும் எண்ணினால், சிறிய காருக்கு எஃகுச் சக்கரமும் தரமான டயருமே போதும். (சென்னை பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா ஆலை எஃகுச் சக்கரங்களைச் செய்கிறது. எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமோ 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது!)

மிச்சமாகும் பணத்தில் புதிய வைப்பர்களும், பின்னால் நகரும்போது ஒலித்து எச்சரிக்கும் உணரிகளும் வாங்கலாம். ஓட்டுநரின் காலடியில் விரிக்கும் மிதியடி நழுவிப் பிரேக்கின் அடியில் சிக்காததாக இருக்க வேண்டும். கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தது. முன்புறக் காப்புக் கம்பியும் கூடாது. மோதலின்போது அது நடந்து செல்வோரைக் கடுமையாகக் காயப்படுத்தும், காற்றுப்பை விரிவதையும் பாதிக்கக்கூடும்.

சொற்பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு
விட்டம் – வட்டத்தின் நடுவழியாகச் செல்லும் நீளம்
வேகமானி – வேகத்தைக் காட்டும் கருவி
உணரி – அருகிலுள்ள பொருளை அறியும் கருவி

பயிற்சி
1. 155/80 ஆர் 13 டயர் உள்ள காருக்கு 165/70 ஆர் 14 பொருத்தினால் முழு விட்டம் எவ்வளவு கூடும்? கணக்கிட்டு எழுதுக.
2. “அலாய் சக்கரமே வேண்டும்” என்னும் அண்ணனுக்கும் அவனை மறுக்கும் தங்கைக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.
3. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி ஆகியவை மாட்டுவண்டிச் சக்கரத்தில் எங்கே அமைந்துள்ளன? தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் படம் வரைந்து பெயரிடுக.
4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிற்கும் ஒரு வண்டியின் டயரில் உள்ள எண்களை எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் விளக்குக.