800 டாலர் கடன், 2 சென்ட் ராயல்டி: மோட்டவுன் கம்பெனி நமக்குச் சொல்லித் தர்ற பாடம்



"சார், சம்பளம் வருது, போகுது. சொத்துன்னு ஒண்ணுமே சேர மாட்டேங்குது." என்கிட்ட ஐடிஆர் ஃபைல் பண்ண வர்ற பத்துப் பேர்ல ஏழு பேர் சொல்ற வசனம் இது. வருமானம் வேற, சொத்து வேற. இந்த வித்தியாசத்தை பேலன்ஸ் ஷீட் போட்டு விளக்கினா கொட்டாவி விடுவீங்க. அதனால இன்னைக்கு ஒரு இசைக் கம்பெனியோட கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரத்துல ஆரம்பிச்ச மோட்டவுன்.

கார் கம்பெனி ஊழியர்

பெர்ரி கோர்டி. கொரியா போர்ல ராணுவத்துல இருந்துட்டு 1953-ல ஊர் திரும்பினவர், ஜாஸ் இசைத்தட்டு விக்கற கடை ஒண்ணு திறந்தார். அவருக்கு ஜாஸ் பிடிக்கும். ஆனா கடைக்கு வந்தவங்க கேட்டது ப்ளூஸ். தனக்குப் பிடிச்சதை அடுக்கி வெச்சாரே தவிர, விக்கறதை வாங்கி வைக்கல. 1955-ல கடை மூடியாச்சு.

அப்புறம் ஃபோர்டு நிறுவனத்தோட லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் சுமார் 86 டாலர். கைகள் அசெம்பிளி லைன்ல காருக்கு வேலை செய்யும், மனசுக்குள்ள பாட்டு ஓடும். ரெண்டு வருஷத்துல வேலையை விட்டுட்டு முழுநேரப் பாடலாசிரியர் ஆனார். ஜாக்கி வில்சன் பாடின அவர் பாட்டுகள் ஹிட் ஆச்சு. பெயர் வந்துச்சு, பணம் பெருசா வரல. 1958-ல ஒரு ரெக்கார்டுக்காக அவர் கைக்கு வந்த ராயல்டி செக் 3 டாலர் 19 சென்ட். ஹிட் கொடுத்தாலும் காசு யார் கைக்குப் போகுதுன்னு அன்னைக்கு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. நண்பர் ஸ்மோக்கி ராபின்சனும் "நீயே கம்பெனி ஆரம்பி"ன்னு விடாம சொன்னார்.

வீட்டுச் சீட்டுப் பணம்

பேங்க் கடன் கிடைக்கற நிலைமை இல்ல. ஆனா கோர்டி குடும்பத்துல ஒரு பொதுச் சேமிப்பு இருந்துச்சு. அண்ணன், அக்கா, அப்பா, அம்மா எல்லாரும் தவறாம ஒரு தொகை போட்டு வருவாங்க. நம்ம ஊர்ல சொந்தக்காரங்களுக்குள்ள பிடிக்கற சீட்டு மாதிரி வெச்சுக்கோங்க. அவர் கேட்டது 1,000 டாலர். அக்கா எஸ்தர் குறுக்கு விசாரணை நடத்தினாங்க. கடைசியில 1959 ஜனவரி 12-ம் தேதி 800 டாலர் கொடுத்தாங்க. சும்மா இல்ல, கடன் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தான்.

குடும்பமா இருந்தாலும் பேப்பர் பேப்பர்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அந்தப் பணத்துல பிறந்தது டாம்லா லேபிள். அடுத்து மோட்டவுன், கோர்டி, சோல்னு வரிசையா வேற பெயர்கள். ஒரே லேபிளோட பாட்டை அடிக்கடி ஒலிபரப்ப ரேடியோ நிலையங்கள் தயங்கும். பல லேபிள் இருந்தா அந்தச் சிக்கல் வராது. ஓனர் எல்லாத்துக்கும் ஒருத்தர்தான்.

ஹிட் ஆனாலும் ஆபத்து

அந்தக் காலத்துச் சிங்கிள்னா 7 அங்குல வினைல் தட்டு. நிமிஷத்துக்கு 45 சுற்று. ஒரு பக்கம் ஒரு பாட்டு, திருப்பிப் போட்டா இன்னொண்ணு. கடையில விலை ஒரு டாலருக்கும் குறைவு. அந்த ஒரு டாலர்ல கடைக்காரர், விநியோகஸ்தர், தட்டு அச்சடிக்கற ஆலை, உறை, ஸ்டுடியோ, பாடகர் எல்லாருக்கும் பங்கு போகணும்.

இதைவிடப் பெரிய தலைவலி கேஷ் ஃப்ளோ. அச்சடிக்கற ஆலைக்குக் காசு முதல்ல கொடுக்கணும். விநியோகஸ்தர் சரக்கைக் கடனுக்கு எடுப்பார், பணம் பல மாசம் கழிச்சு வரும், விக்காத தட்டு திரும்பி வரும். அதனால சின்னக் கம்பெனிக்கு ஒரு பெரிய ஹிட்டே ஆபத்து. கேட்கறவங்களுக்கு எல்லாம் அச்சடிச்சுக் கொடுக்கக் கையில பணம் இருக்காது. டாம்லாவோட முதல் சிங்கிள் மார்வ் ஜான்சன் பாடின "கம் டு மீ". அதை நாடு முழுக்கக் கொண்டுபோகப் பணபலம் இல்லாததால, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதாச்சு.

அதனால செலவை இறுக்கிப் பிடிச்சார். வெஸ்ட் கிராண்ட் பூலிவார்டுல ஒரு வீடு. மாடியில குடித்தனம், கீழே ஸ்டுடியோ. வாசல்ல "ஹிட்ஸ்வில் யுஎஸ்ஏ"ன்னு போர்டு. எந்தப் பாட்டை வெளியிடலாம்னு முடிவு பண்ண வாராவாரம் ஒரு தர ஆய்வுக் கூட்டம். அங்க அவர் கேட்கற கேள்வி ரொம்ப எளிமையானது: கையில கடைசியா ஒரே ஒரு டாலர் இருக்கு, பசிக்குது. இந்த ரெக்கார்டை வாங்குவீங்களா, சாண்ட்விச் வாங்குவீங்களா?

மிராக்கிள்ஸ் குழுவோட "ஷாப் அரவுண்ட்" ஏற்கெனவே கடைக்குப் போயிடுச்சு. கோர்டிக்குத் திருப்தி இல்ல. ராத்திரி தூக்கத்துல இருந்தவங்களை எழுப்பி வரச்சொல்லி, வேகத்தைக் கூட்டி மறுபடி பதிவு பண்ணினார். அதுதான் கம்பெனியோட முதல் பத்து லட்சம் விற்பனை. 1961-ல மார்வெலெட்ஸ் பாடின "ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்" அமெரிக்க பாப் பட்டியல்ல முதலிடம் பிடிச்சது.

ஒரு தட்டு, ரெண்டு சொத்து

இப்போ ஒரு சிஏ-வா எனக்குப் பிடிச்ச பகுதி.

ஒரு சிங்கிளுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இன்னொண்ணு, பாட்டு: வரியும் மெட்டும். யார் பாடினாலும், எந்தக் கம்பெனி வெளியிட்டாலும், பாட்டோட உரிமையாளருக்குத் தனியா காசு போகும்.

அன்னைக்கு அமெரிக்கச் சட்டப்படி அந்த ராயல்டி ஒரு தட்டுக்கு, ஒரு பாட்டுக்கு, அதிகபட்சம் 2 சென்ட். வழக்கமா பாதி எழுதினவருக்கு, பாதி பாட்டு உரிமை வெச்சிருக்கற பதிப்பாளருக்கு. பத்து லட்சம் தட்டு வித்தா ஒரு பாட்டுக்கு 20,000 டாலர். வேடிக்கை என்னன்னா, யாருமே கேட்காத பின்பக்கப் பாட்டுக்கும் அதே 20,000!

கோர்டி ஆரம்பத்துலேயே ஜோபீட்னு ஒரு பதிப்புரிமைக் கம்பெனியைத் தனியா வெச்சார். ஜாய், பெர்ரி, டெர்ரி, இந்த மூணு பிள்ளைங்க பெயர்ல இருந்து வந்த பெயர். மோட்டவுன் பாட்டுகளோட உரிமை அங்க சேர்ந்துச்சு. 1963-ல பீட்டில்ஸ் அவங்க ரெண்டாவது ஆல்பத்துல மூணு மோட்டவுன் பாட்டைப் பாடினாங்க. கோர்டி ஸ்டுடியோ லைட்டைக்கூடப் போடல, ஜோபீட்டுக்குப் பணம் வந்துச்சு.

வருஷங்கள் ஓடிச்சு. 1980-கள்ல ரெக்கார்டு கம்பெனி தடுமாறிச்சு. 1988-ல மோட்டவுனை எம்சிஏ, பாஸ்டன் வென்ச்சர்ஸ் ரெண்டு பேருக்கும் 6.1 கோடி டாலருக்கு வித்தார். ஆனா ஜோபீட்டைக் கொடுக்கல. அதை இஎம்ஐ கம்பெனிக்கு மூணு தவணையா வித்த கணக்கு இது:

- 1997: 50 சதவீதப் பங்கு, 13.2 கோடி டாலர்
- 2003: 30 சதவீதப் பங்கு, சுமார் 10.9 கோடி டாலர்
- 2004: மீதி 20 சதவீதம், சுமார் 8 கோடி டாலர்

மொத்தம் சுமார் 32 கோடி. பெயரும் புகழும் கட்டடமும் உள்ள கம்பெனிக்குக் கிடைச்சதைப்போல அஞ்சு மடங்கு, அலமாரியில இருந்த பேப்பருக்கு. 1988 பணமும் 2004 பணமும் ஒண்ணு இல்லதான், பணவீக்கத்தைக் கழிக்கணும். இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். அவர்கிட்ட வாங்கினவங்க அஞ்சு வருஷத்துலயே மோட்டவுனை பாலிகிராமுக்கு 30 கோடி டாலருக்கு மேல வித்தாங்க. நெருக்கடியில வித்தா விலை அடிபடும். ஜோபீட்டை அப்படி அவசரத்துல விக்காம வெச்சிருந்தது அவருக்குக் கை கொடுத்துச்சு.

பேப்பர்ல பெயர் இல்லாதவர்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு.

கம்பெனியோட முதல் பெரிய ஹிட் 1959-ல பதிவான "மணி". பாடினவர் பேரட் ஸ்ட்ராங், பியானோ வாசிச்சதும் அவரே. பதிப்புரிமை அலுவலகத்துல முதல்ல பதிவானபோது எழுதினவங்க பட்டியல்ல அவர் பெயரும் இருந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு எடுத்துட்டாங்க. 1987-ல புதுப்பிக்கும்போது திரும்ப வந்துச்சு. அடுத்த வருஷமே மறுபடி அடிச்சுட்டாங்க. முதல்ல பெயர் சேர்ந்ததே எழுத்துப் பிழைன்னு கோர்டி தரப்பு சொன்னாங்க. மெட்டுல தன் பங்கு இருக்குன்னு ஸ்ட்ராங் சொன்னார்.

யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்ல. என்னை உறுத்தறது வேற. பெயர் நீங்கின விஷயமே ஸ்ட்ராங்குக்கு 2010-லதான் தெரிஞ்சுது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கவே இல்ல. சட்டப்படி கேட்க வேண்டிய காலக்கெடு எப்பவோ தாண்டிடுச்சு. 2023-ல அவர் காலமானார்.

ஸ்டுடியோவுல வாசிச்ச ஃபங்க் பிரதர்ஸ் கலைஞர்கள் நிலையும் இதேதான். அவங்க சம்பளத்துக்கு வாசிச்சாங்க. உலகமே ஆடின இசை அவங்களோடது, ஆனா பாட்டுல பங்கு கிடையாது. 1971 வரைக்கும் ஆல்பம் உறையில பெயர்கூட வரல.

நமக்கு என்ன பாடம்?

நாமளும் ஒரு விதத்துல ஃபங்க் பிரதர்ஸ்தான். வாசிக்கற வரைக்கும் காசு. அதுல தப்பே இல்ல. ஆனா ஒவ்வொரு மாசச் சம்பளத்துலயும் ஒரு பகுதி, நாம தூங்கும்போதும் வேலை செய்யற சொத்தா மாறணும். பிஎஃப், இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபி, கம்பெனி கொடுக்கற ஈசாப் பங்கு எதுவா வேணா இருக்கட்டும். தொகை சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஜோபீட்டோட கணக்கு 2 சென்ட்லதான் ஆரம்பிச்சது.

இந்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி மூணு வேலை செய்யுங்க.

1. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, நீங்க உருவாக்கறது யாருக்குச் சொந்தம்னு சொல்ற பகுதியைப் படிங்க. வேற ஒப்பந்தம் இல்லேன்னா, வேலையின் பகுதியா உருவாக்கினதோட பதிப்புரிமை நம்ம நாட்டுச் சட்டப்படி முதலாளிக்குத்தான். சைடுல கோடிங், டிசைன், யூடியூப்னு பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

2. வெளியாளுக்கு எதையாவது எழுதிக் கொடுத்தா, எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த ஊருக்கு, எவ்வளவு பணம்னு எழுத்துல வாங்குங்க. காலம் குறிப்பிடலேன்னா அஞ்சு வருஷம்னு நம்ம சட்டம் எடுத்துக்கும்.

3. பிஎஃப் நாமினி, ஏஐஎஸ், ஃபண்ட் ஸ்டேட்மென்ட் மூணுலயும் உங்க பெயரும் விவரமும் சரியா இருக்கான்னு பாருங்க. இதை வருஷா வருஷம் செய்யுங்க.

போன வருஷம் ஒரு தம்பி வந்தார். நண்பரோட சேர்ந்து ஆப் பண்ணினாராம், பாதிப் பாதின்னு பேச்சு. "பேப்பர் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "நண்பன்தானே சார்"னு சொன்னார். நான் அவர்கிட்ட எஸ்தர் அக்கா கதையைத்தான் சொன்னேன். சொந்தத் தம்பிக்கே கையெழுத்து வாங்கிட்டுத்தான் 800 டாலர் கொடுத்தாங்க. அந்தக் குடும்பம் அதனால உடைஞ்சு போகல. பின்னாடி மோட்டவுன் பழைய வீட்டை மியூசியமா மாத்தினதே அந்த அக்காதான்.

உங்க பேப்பரை எடுத்துப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!