சொல்லும் பொறுப்பும்

நுழையும்முன்

பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அந்தமான் தீவுகளில் வாழ்கின்றன. டாலிகஞ்சில் வாடகைக்கு வீடு எடுத்தல், கட்டட வேலைக்கு முன்பணம் பெறுதல், சென்னையிலிருந்து கப்பலில் சரக்கு வரவழைத்தல், கடையில் கைப்பேசி வாங்குதல் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல் கொடுக்கிறார். சொந்த ஊரில் சச்சரவு எழுந்தால் உறவினரும் ஊர்ப் பெரியவர்களும் கூடித் தீர்த்து வைப்பர். புலம்பெயர்ந்த இடத்தில் அத்துணை எளிதில் அது வாய்ப்பதில்லை. அங்கே கொடுத்த சொல்லைக் காப்பதும், நேர்ந்த தீங்குக்கு ஈடு பெற்றுத் தருவதும் சட்டமே. அச்சட்டத்தின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒப்பந்தம் என்பது யாது?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம் என்று அச்சட்டம் கூறுகிறது. எல்லா உடன்பாடுகளும் ஒப்பந்தம் ஆவதில்லை. நண்பனின் விழாவுக்கு வருவதாகக் கூறிவிட்டு ஒருவன் வாராதிருந்தால், அது நட்புக்கு நேர்ந்த குறை, வழக்குக்கு உரியதன்று.

ஒப்பந்தம் பிறப்பதற்கு முதலில் ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்றவர் அதனை மாற்றமின்றி ஏற்க வேண்டும். “மாத வாடகை எட்டாயிரம் ரூபாய்” என்று வீட்டுக்காரர் கூற, “ஏழாயிரம் தருகிறேன்” என்று வந்தவர் விடை கூறினால், அஃது ஏற்பு ஆகாது. அது புதியதொரு முன்மொழிவு. வீட்டுக்காரர் அதற்கு இசைந்தால்தான் ஒப்பந்தம் உருவாகும். இவற்றோடு, இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உடையவராதல், கட்டற்ற இசைவு, முறையான மறுபயன், முறையான நோக்கம் ஆகியனவும் தேவை.

பெரும்பாலான ஒப்பந்தங்களை வாய்ச்சொல்லாலும் செய்யலாம். ஆயினும் சச்சரவு எழும்போது வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது கடினம். எழுத்தின் வலிமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமண நாளில் முதியவர் ஒருவர் வந்து, சுந்தரர் தமக்கு அடிமை என்று கூறி ஆளோலை ஒன்றைக் காட்டுகிறார். சுந்தரர் அதனைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அங்கே முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்ட, அவையோர் அதிலுள்ள கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். படி, மூலம், கையெழுத்து ஒப்பீடு என்னும் மூன்றும் இன்றைய நீதிமன்றங்களிலும் உள்ளவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டன் எழுதிய ஓலையால் பேரன் அடிமையாவதை இன்றைய சட்டம் ஒருபோதும் ஏற்காது.

மறுபயன்: சென்னையில் எழுந்த வழக்கு

ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாகப் பெறும் பயனே மறுபயன். கடைக்காரர் அரிசி தருகிறார்; வாங்குபவர் பணம் தருகிறார். ஒருவர் தருவது மற்றவருக்கு மறுபயன்.

மறுபயனை வாக்குறுதி பெற்றவரேதான் தர வேண்டுமா? 1880களின் தொடக்கத்தில் இவ்வினா சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சின்னய்யா – ராமய்யா வழக்கு என்பது அதன் பெயர். மூதாட்டி ஒருவர் தம் நிலத்தைப் பதிவு செய்த ஆவணத்தின்வழி மகளுக்குக் கொடையாக அளித்தார். தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்பது அக்கொடையின் நிபந்தனை. அவ்வாறே தருவதாக மகளும் எழுதிக் கொடுத்தார். பின்னர் பணம் தரப்படவில்லை. தமக்கு எதுவும் தராத உறவினருக்குத் தாம் கடன்பட்டவர் அல்லர் என்பது மகளின் வாதம்.

நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ வரலாம் என்பதே இந்தியச் சட்டம். மூதாட்டி தந்த நிலமே போதிய மறுபயன் எனத் தீர்ப்பு வழங்கப்பட்டது. நிலத்தைப் பெற்றுக்கொண்டு கடமையைக் கைவிட இயலாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

இளவரைக் காக்கும் சட்டம்

பதினெட்டு வயது நிறையாதவர் சட்டத்தின் பார்வையில் இளவர். இளவர் செய்யும் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. இதனை உறுதிப்படுத்தியது கொல்கத்தாவில் எழுந்த மோகரி பீபி – தர்மதாஸ் கோஷ் வழக்கு. 1895 ஆம் ஆண்டில், இளவராக இருந்த தர்மதாஸ் கோஷ் தம் சொத்தை 20,000 ரூபாய்க் கடனுக்கு அடமானம் வைத்தார். அவர் இளவர் என்பதைக் கடன் கொடுத்தவரின் முகவர் அறிந்திருந்தார். அக்காலத்தில் இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றம் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அடமானம் செல்லாது என்று 1903 ஆம் ஆண்டில் அது தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு இன்றும் இந்தியா முழுவதும் பின்பற்றப்படுகிறது. பள்ளி மாணவர் ஒருவரிடம் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் கடைக்காரர், அப்பத்திரத்தைக் கொண்டு மாணவர்மீது வழக்கில் வெல்ல இயலாது. அதே வேளையில், இளவருக்கு உணவு, உடை, கல்வி போன்ற தேவைகளை அளித்தவர், அவருக்குச் சொத்து இருப்பின் அதிலிருந்து ஈடு பெறலாம். இளவரை ஏமாற்றுவோரிடமிருந்து காக்கும் சட்டம், அவருக்கு உதவியவரையும் கைவிடுவதில்லை.

கட்டற்ற இசைவு

வற்புறுத்தல், தகாச் செல்வாக்கு, மோசடி, பொய்யுரை, பிழை ஆகியவற்றால் பெறப்பட்ட இசைவு கட்டற்ற இசைவு ஆகாது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ இசைவு பெறப்பட்டால், பாதிக்கப்பட்டவர் அவ்வொப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம்.

இவ்விதியின் அருமையைப் புலம்பெயர்ந்த தொழிலாளரின் வரலாறு நன்கு காட்டும். 1859 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டத்தை இயற்றியது. முன்பணம் பெற்ற தொழிலாளி தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கினால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ நடுவர் ஆணையிடுவார். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. வாக்குத் தவறிய முதலாளிக்கு அத்தகைய தண்டனை இல்லை. ஒரே ஒப்பந்தம் ஒருவருக்குக் கணக்காகவும் மற்றவருக்கு விலங்காகவும் இருந்தது. அச்சட்டம் 1925 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. பின்னர் இந்திய அரசமைப்பின் 23 ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனைக் காட்டி மனிதரைப் பிணைத்து வைப்பதைக் குற்றமாக்கியது.

மீறலும் இழப்பீடும்

இன்று ஒப்பந்தத்தை மீறுவது, அதன் அளவில், சிறைக்குரிய குற்றமன்று. மீறியவர் மற்றவருக்கு நேர்ந்த இழப்பை ஈடு செய்ய வேண்டும். ஆனால் எல்லா இழப்புக்கும் ஈடு கிடைப்பதில்லை. மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்புக்கும், விளையக்கூடும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இருவரும் அறிந்திருந்த இழப்புக்கும் மட்டுமே ஈடு உண்டு.

டாலிகஞ்சுக் கடைக்காரர் ஒருவர் பொங்கலுக்கான துணிகளைச் சென்னை வணிகரிடம் கேட்டதாகக் கொள்வோம். கப்பல் வந்து சேரவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். வணிகர் காலந்தாழ்த்தி அனுப்ப, பண்டிகை கடந்தபின் துணிகள் வந்து சேர்ந்தன. பொங்கல் விற்பனைக்காகவே துணிகள் தேவை என்று கடைக்காரர் முன்னரே எழுதித் தெரிவித்திருந்தால், இழந்த பண்டிகை ஆதாயத்தையும் அவர் கேட்கலாம். தெரிவிக்காவிடில் அவ்வாதம் வலுவிழக்கும். இரண்டு வரிக் கடிதம் ஒரு பருவத்து ஆதாயத்தைக் காக்கக்கூடும்.

ஒப்பந்தம் இல்லாத இடத்தில் பொறுப்பு

சாலையில் செல்பவர்மீது கட்டடத்திலிருந்து செங்கல் விழுகிறது. அவருக்கும் கட்டடக்காரருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆயினும் காயமுற்றவர் இழப்பீடு கேட்கலாம். இவ்வகைப் பொறுப்பை ஆராயும் துறை தீங்கியல். இந்தியாவில் இதற்கெனத் தனித் தொகுப்புச் சட்டம் இல்லை. இதன் பெரும்பகுதி நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்தது.

1928 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தைப் பெண் ஒருவர் பருகினார். புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாகவும் அதனால் தாம் நோயுற்றதாகவும் முறையிட்டார். பானத்தை வாங்கியவர் அவர் அல்லர்; ஆதலால் விற்றவரோடும் செய்தவரோடும் அவருக்கு ஒப்பந்தம் இல்லை. எனினும், தம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒவ்வொருவரும் கவனத்தோடு நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1932 ஆம் ஆண்டில் கூறியது.

கவனத்தோடு நடந்தும் தீங்கு நேர்ந்தால் யாது செய்வது? அன்றைய சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையால் உடைந்தன. வெள்ளம் பாய்ந்து சென்னை இருப்புப்பாதை நிறுவனத்திற்குச் சேதம் விளைத்தது. தேக்கிய நீர் வெளியேறித் தீங்கு செய்தால், தேக்கியவர் கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பாவார் என்பது 1868 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிலைபெற்ற விதி. அதனைச் சுட்டி நிறுவனம் ஈடு கேட்டது. பிரிவி கவுன்சில் 1874 ஆம் ஆண்டில் அதனை மறுத்தது. இந்நாட்டில் ஏரிகள் தொன்றுதொட்டு உழவுக்காகப் பேணப்படுபவை; அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை; அவர்பால் கவனக்குறைவும் இல்லை. ஆகவே அவர் பொறுப்பாளி அல்லர் என்று அது கூறியது. அயல்நாட்டு விதியை இம்மண்ணின் தேவையை அறிந்தே பொருத்த வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இடர் மிகுந்த ஆலைகளின் நிலை வேறு. 1985 ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில், இடர்மிக்க தொழில் நடத்துவோர் தாம் கவனமாக இருந்ததாகக் கூறித் தப்ப முடியாது. முழுப் பொறுப்பும் அவர்களுடையதே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986 ஆம் ஆண்டில் அறிவித்தது.

வணிகமும் நுகர்வோரும்

இருவர் கூடிக் கடை நடத்தினால் அது கூட்டாண்மை. 1932 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு உரியது. கூட்டாண்மையின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தம் சொந்தச் சொத்தாலும் பொறுப்பாவார். பங்குகளால் வரையறுக்கப்பட்ட நிறுமத்திலோ, பங்கு வாங்கியவரின் பொறுப்பு அவர் தம் பங்குக்குத் தர வேண்டிய தொகையோடு நின்றுவிடும். “கையெழுத்து மட்டும் போடு, கூட்டாளியாகிவிடலாம்” என்னும் அழைப்பை ஏற்குமுன் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

சொந்தப் பயன்பாட்டிற்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர். மறுவிற்பனைக்காக வாங்கும் கடைக்காரர் நுகர்வோர் அல்லர். அவருக்கு ஒப்பந்தச் சட்டமும் 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் துணை. நுகர்வோருக்கு 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தீவில் வாழ்வோர்க்குப் பெரிதும் பயன்படும் உரிமையை வழங்கியுள்ளது. விற்றவர் சென்னையில் இருப்பினும், இணையத்தின்வழி விற்றிருப்பினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உயர் நீதிமன்றத்தை நாடுவோரும் ஒவ்வொரு முறையும் கடல் கடக்க வேண்டியதில்லை. அந்தமான் தீவுகள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் அடங்கியவை. அதன் சுற்று அமர்வு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படும் போர்ட் பிளேரில் கூடுகிறது.

இவ்வுரிமைகளைப் பயன்படுத்தச் சான்று வேண்டும். ரசீதைப் பெறுதல், பத்திரத்தைப் படித்த பின்னரே கையெழுத்திடுதல், படி ஒன்றைக் கேட்டு வாங்குதல், முன்பணத்தின் அளவையும் நாளையும் குறித்து வைத்தல் ஆகியன எளிய பழக்கங்கள். எழுத்தறியாப் பெரியவர் கைந்நாட்டு வைக்குமுன், பள்ளி செல்லும் பிள்ளை பத்திரத்தை உரக்கப் படித்துப் பொருள் கூறினால், அதுவே அக்குடும்பத்திற்கு முதற் காவலாகும்.

சொல்லும் பொருளும்

மறுபயன் – வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படும் பயன்
இளவர் – பதினெட்டு வயது நிறையாதவர்
இசைவு – ஒப்புதல்
தீங்கியல் – பிறர்க்கு விளைத்த தீங்குக்கான பொறுப்பை ஆராயும் சட்டத்துறை
நிறுமம் – சட்டத்தால் தனி ஆளாகக் கருதப்படும் வணிக அமைப்பு
கைந்நாட்டு – கையெழுத்துக்கு மாற்றாக இடும் விரற்பதிவு

மதிப்பீடு

குறுவினா
1. முன்மொழிவுக்கும் ஏற்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. கார்வேட்டிநகர் ஜமீன்தார் ஏன் பொறுப்பாளி ஆக்கப்படவில்லை?

சிறுவினா
3. 1859 ஆம் ஆண்டின் சட்டம் தொழிலாளரையும் முதலாளியையும் எவ்வாறு வேறுபடுத்தி நடத்தியது?
4. பொங்கல் துணி வாங்கிய கடைக்காரர் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இயலுமா? காரணம் கூறுக.

சிந்தனை வினா
5. ஆளோலை வழக்கு இன்றைய நீதிமன்றத்திற்கு வந்தால், கையெழுத்து மெய்யானது என உறுதிப்பட்டாலும் தீர்ப்பு யாதாக இருக்கும்?

கற்பவை கற்றபின்
6. வீட்டிலுள்ள ரசீது அல்லது வாடகைப் பத்திரம் ஒன்றைப் பெற்றோருடன் படித்து, அதில் யார் யாருக்கு எவ்வாக்குறுதியை அளித்துள்ளனர் என்பதைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.